மார்கழிப் பனியில் பாலிங்

கார் சுங்கை பட்டாணியை விட்டபோது மணி ஆறரை. கோல கெட்டில் வந்தும் விடியவில்லை. டிசம்பரில் கெடாவில் சூரியன் முகம் காட்டவே ஏழேகால் ஆகிவிடும். பனியும் சேர்ந்துகொண்டால் அதற்குப் பிறகும் விளக்குப் போட்டுக்கொண்டுதான் ஓட்ட வேண்டும். சாலையின் இரு பக்கமும் செம்பனை. நடுநடுவே கித்தா எனும் ரப்பர் மரங்கள். அந்த மரங்களுக்கிடையில் சிறு வெளிச்சம் ஒன்று மரத்துக்கு மரம் நகர்ந்துகொண்டிருந்தது. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு யாரோ பால் வெட்டுகிறார்கள். கண்ணாடியை இறக்கியதும் ஈரக் குளிரோடு ஒட்டுப்பால் வாடையும் உள்ளே வந்தது. பழக்கமில்லாதவர் முகம் சுளிப்பார்; தோட்டத்தில் வளர்ந்தவருக்கு அது தாய்வீட்டு வாடை.

ஓட்டிக்கொண்டு வந்தவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். கோல கெட்டில் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் லயத்தில் 1956இல் பிறந்தவர். பக்கத்தில் அவருடைய தங்கை மகன், ஜெர்மனியின் முன்ஸ்டர் நகரில் மேற்படிப்பை முடித்துவிட்டு ஊர் திரும்பியவன். போன டிசம்பரில் அந்த நகரின் பழைய தெருக்களில் நடந்த கதையைத்தான் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான்.

முன்ஸ்டரில் பனிக்காலம் என்றால் வெள்ளைப் பனியைவிட மழைத் தூறல்தான் அதிகமாம். அந்தத் தூறலில் நனையாமலே, நகரின் நடுத்தெருவான பிரின்சிபால்மார்க்டில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடக்கலாம். முக்கோண முகப்பு வைத்த வீடுகளின் கீழ்த்தளம் முழுக்க, தூண்களும் வளைவுகளும் தாங்கும் நடைபாதை. தெருக்கோடியில் புனித லம்பர்ட் தேவாலயம். அதன் கோபுரத்தில் இரும்புக் கூண்டுகள் மூன்று இன்றும் தொங்குகின்றன. 1536இல் கொல்லப்பட்ட மூன்று கலகத் தலைவர்களின் உடல்களை ஊர் பார்க்கட்டும் என்று தொங்கவிட்ட கூண்டுகள். அதே தெருவில்தான் நகர மன்றம், அதற்குள் அமைதி மண்டபம். ஐரோப்பாவை முப்பது ஆண்டு எரித்த போரை முடித்துவைத்த 1648ஆம் ஆண்டு உடன்பாடுகளோடு சேர்த்துச் சொல்லப்படும் அறை அது. ஸ்பெயினும் நெதர்லாந்தும் தங்கள் எண்பது ஆண்டுப் போரை முடித்துக்கொண்டு சத்தியம் செய்தது அங்கேதான். இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் தெருவே இடிந்து விழுந்தது. ஆனால் குண்டு விழுமுன்பே மண்டபத்தின் மரவேலைப்பாடுகளைக் கழற்றிப் பத்திரப்படுத்தியிருந்தார்கள். போர் முடிந்ததும் தெருவைப் பழைய சாயலிலேயே எழுப்பி, பலகைகளையும் பழைய இடத்திலேயே பொருத்திவிட்டார்கள்.

"அந்த மாதிரி நடந்து பாக்க பாலிங்ல என்ன மாமா இருக்கு?"

"அங்க பேசி முடிச்சாங்க தம்பி. இங்க பேசியும் முடியல. அந்த இடத்தப் பாக்கத்தான் போறோம்."

கூப்பாங்கைத் தாண்டிய பிறகு பனி மெல்ல விலக, முதலில் தெரிந்தது மலையின் தலை மட்டும்தான். குனோங் பாலிங் சுண்ணாம்புக்கல் மலை. சுற்றியுள்ள காட்டுமலைகள் படிப்படியாகச் சரிந்து இறங்கும், இது அப்படியில்லை. ஊருக்குப் பின்னால் சுவர் வைத்ததுபோல் செங்குத்தாக நிற்கிறது. வெள்ளையும் சாம்பலுமான பாறை, அதில் மழைநீர் வழிந்த கறுப்புத் தாரைகள், பிடிக்க இடம் கிடைத்த இடுக்கிலெல்லாம் செடி. ஐரோப்பியப் பழைய நகரங்களில் எந்தச் சந்தில் நின்று பார்த்தாலும் தேவாலயக் கோபுரம் தெரியும் என்பார்கள். பாலிங்கில் அந்த வேலையை மலை பார்க்கிறது. வழி தவறினால் நிமிர்ந்து பார்த்தால் போதும்.

ஊர் பெரியதில்லை. பழைய பட்டணத்தை மட்டும் சுற்ற அரை மணி நேரம் தாராளம். கீழே கடை, மேலே குடும்பம் என்று கட்டிய ஈரடுக்குக் கடைவீடுகள், அவற்றின் முன்னால் வெயிலும் மழையும் படாத அஞ்சடி. மலாய்க்காரர் காக்கி லீமா என்பதும் இதைத்தான். 1822இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்கு வகுத்த நகரத் திட்டத்தில், கடைக்காரர் ஒவ்வொருவரும் வாசலில் கூரையோடு பொதுநடைபாதை விட்டுத்தான் கட்ட வேண்டும் என்று விதி இருந்தது. அதிலிருந்து மலாயா முழுவதும் பரவிய வழக்கம் இது. மருமகன் தூணைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தான். பிரின்சிபால்மார்க்டில் வளைவுக்குக் கீழே நடந்தவனுக்கு அஞ்சடி புதிதில்லை. தேவையும் ஒன்றுதானே: மழைக்காலத்திலும் வியாபாரம் நடக்க வேண்டும், வாங்க வருகிறவன் நனையக் கூடாது.

ஒரு கடையை அப்போதுதான் திறந்தார்கள். ஆள் உயரப் பலகைகள், ஒவ்வொன்றிலும் மையால் எழுதிய எண். வரிசைப்படி உருவி எடுத்துச் சுவரோரம் சாய்த்து வைத்தார் கடைக்காரர். ஒரு பலகை மாறினாலும் இரவில் கதவு பொருந்தாது. அடுத்த கோப்பிக்கடையில் கோப்பி ஓ, பாதி வெந்த முட்டை, வாழையிலையில் மடித்த நாசி லெமாக். பக்கத்து மேசையில் இரண்டு பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்த மலாய் கோலாலம்பூர் மலாய் இல்லை. பாலிங், சீக் வட்டாரப் பேச்சில் தாய்லாந்தின் பட்டாணி மலாய் கலந்திருக்கும். எல்லைக்கு அப்பால் பேத்தோங், இப்பால் பெங்காலான் ஹூலு, அதற்கு இந்தப் பக்கம் பாலிங். 1909 வரை கெடாவே சயாமின் மேலாட்சியில்தான் இருந்தது. அந்த ஆண்டு பேங்காக்கில் கையெழுத்தான ஒப்பந்தம் கெடாவை ஆங்கிலேயர் கைக்கு மாற்றியது. கோடு மாறியது, பேச்சு மாறவில்லை.

ஊர்ப் பெயருக்கு ஒரு கதை சொல்வார்கள். மெரோங் மகாவங்சா என்னும் கெடா வரலாற்றுக் கதையில் வரும் கோரைப்பல் ராஜாவின் கதை. சமையல்காரியின் விரல் அறுபட்டு ஒரு சொட்டு ரத்தம் கீரைக் குழம்பில் விழுந்துவிட்டது. ராஜாவுக்கு அந்த ருசி பிடித்துப்போய், அப்புறம் ரத்தமில்லாமல் சோறு இறங்கவில்லை. வாயில் கோரைப்பல் முளைத்தது. குடிகள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கிளர்ந்தெழ, ராஜா ஓடினான். ஓடிய வழியில் பல்லைப் பிடுங்கி வீசிய இடம் பாலிங். மலாய்மொழியில் அந்தச் சொல்லுக்கு வீசு, எறி என்றே பொருள். இந்தக் கதையை எழுதிப் படமாக்கத் தந்தவர், 1955இல் மலாயா முதலமைச்சராக இருந்த துங்கு அப்துல் ரஹ்மான்; 'ராஜா பெர்சியோங்' 1968இல் வெளிவந்தது. கெடா அரச குடும்பத்துப் பிள்ளை. அலோர் ஸ்டாரில் பிறந்தவர். சிறுவயதிலிருந்து கேட்ட கதையாகத்தான் இருந்திருக்கும். ரத்தம் போதும் என்று பேசி முடிக்க அவரே ஒருநாள் இந்த ஊருக்கு வந்து உட்கார்ந்ததை நினைத்தால், கதையின் நிழல் ஊர்மேல் இன்னும் விழுந்துகொண்டிருப்பதாகத்தான் தோன்றுகிறது.

பட்டணத்தின் கடைசியில் சாலை மலைப்பக்கம் திரும்புகிறது. நேராகப் போனால் பெங்காலான் ஹூலு. பழைய பெயர் குரோ. ஆசிரியர் அங்கே ஒரு நிமிடம் நின்றார். 1941 டிசம்பர் 8ஆம் தேதி, ஜப்பானியரை முந்திக்கொண்டு தாய்லாந்துக்குள் ஒரு மலைச்சரிவைப் பிடிக்க ஆங்கிலேயர் குரோ வழியாக ஒரு படையை அனுப்பினார்கள். முன்னணியில் போனவர்கள் பஞ்சாப் ரெஜிமெண்டின் இந்தியச் சிப்பாய்கள். எல்லையிலேயே தாய்லாந்துப் போலீஸ் சுட்டுத் தாமதப்படுத்தியது. ஜப்பானியர் முந்திக்கொண்டார்கள். அடிபட்ட படை சில நாட்களிலேயே இந்தப் பக்கம் பின்வாங்கியது. மலாயா வீழ்ந்த கதையில் இது ஒரு வரிதான். அந்த வரிக்குப் பிறகுதான் தோட்டங்களிலிருந்து தமிழர்களை லாரியிலும் ரயிலிலும் ஏற்றிச் சயாம்-பர்மா ரயில் பாதைக்கு அனுப்பினார்கள். எத்தனையோ லயங்களில் அன்று போனவர்கள் திரும்பவில்லை.

நடந்து திரும்பி வந்து நின்ற இடம் ஒரு பள்ளிக்கூட வாசல். அந்தப் பேச்சு நடந்தது இங்கேதான். அன்று அரசு ஆங்கிலப் பள்ளி. இன்று துங்கு புத்ரா பெயர் தாங்கிய தேசியத் தொடக்கப்பள்ளி. விடுமுறைக் காலம், கேட் பூட்டியிருந்தது. வேலியோரம் நின்று பார்க்கலாம் என்று காவலிருந்த ஜாகா தலையசைத்தார். திடலில் புல் நனைந்து கிடந்தது. யாரோ ஒரு பிள்ளையின் தண்ணீர்ப் போத்தல் கோல் கம்பத்தடியில்.

1955 டிசம்பர் 28. மார்கழி 13. அன்று காலை கிளியான் இந்தான் பக்கத்துக் காட்டிலிருந்து மூன்று பேர் வெளியே வந்தார்கள்: மலாயாக் கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளர் சின் பெங், சென் தியென், ரஷீத் மைடின். வரவேற்று அழைத்து வந்தவர் ஜான் டேவிஸ். ஜப்பானியர் காலத்தில் சின் பெங்கோடு ஒரே காட்டில் ஒரே பக்கம் நின்று போராடிய ஆங்கிலேய அதிகாரி. பேச்சு முடிந்து காட்டெல்லை வரை கொண்டுபோய் விட்டவரும் அவரே. எதிரிகளுக்கிடையில் அப்படியொரு நட்பு இருந்ததால்தான் அந்த வாகன வரிசை ஒரு தோட்டாச் சத்தமும் இல்லாமல் பாலிங் வந்து சேர்ந்தது என்று சொன்னாலும் மிகையில்லை.

மேசையின் இந்தப் பக்கம் மலாயா முதலமைச்சர் துங்கு, சிங்கப்பூர் முதலமைச்சர் டேவிட் மார்ஷல், மலாயாச் சீனர் சங்கத்தின் தான் செங் லோக். வயதை வரிசையாக வைத்துப் பார்த்தால் அந்த அறை கண்முன் வந்துவிடும். தான் செங் லோக்குக்கு 72. துங்குவுக்கு 52. மார்ஷலுக்கு 47. எதிரே உட்கார்ந்த சின் பெங்குக்கு 31. ஏழரை ஆண்டாக நாட்டை அவசரகாலச் சட்டத்தில் வைத்திருந்த போரின் தலைவனை அதுவரை நேரில் பார்க்காத பத்திரிகைக்காரர்கள் வெளியே காத்துக் கிடந்தார்கள்.

அந்த ஆண்டு ஜூலையில்தான் முதல் பொதுத்தேர்தல். 52 இடங்களில் 51ஐத் துங்குவின் கூட்டணி வென்றிருந்தது. செப்டம்பரில் பொதுமன்னிப்பு அறிவித்தாயிற்று. துங்கு கேட்டது ஒன்று: ஆயுதத்தைக் கீழே போட்டுவிட்டு வெளியே வாருங்கள். சின் பெங் கேட்டது வேறு: கட்சியைச் சட்டப்படி ஏற்றுக்கொள்ளுங்கள், வருகிறவர்களைப் பிடித்து அடைத்து விசாரிக்காதீர்கள். இரண்டு நாள் பேசினார்கள். முடிச்சு அந்த இடத்திலேயே இறுகி நின்றது. சரணடைவு என்ற சொல்லை அவர் விழுங்க மாட்டார்; அது இல்லாமல் இவர் விட மாட்டார். ஆனால் போகும் முன் சின் பெங் ஒன்று சொன்னார். உள்நாட்டுப் பாதுகாப்பும் படையும் ஆங்கிலேயர் கையிலிருந்து தேர்ந்தெடுத்த அரசின் கைக்கு வந்துவிட்டால் ஆயுதத்தைப் போட்டுவிடுவோம் என்றார். துங்கு அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த மாதமே லண்டன் போனார். 1956 பிப்ரவரி 8இல் சுதந்திரத்துக்கு நாள் குறிக்கும் உடன்பாடு கையெழுத்தானது. அன்று அவருடைய பிறந்தநாளும்கூட. பாலிங்தான் மெர்டேக்காவுக்கு வழி திறந்தது என்று பின்னாளில் அவரே எழுதினார்.

போர் மட்டும் முடியவில்லை. அவசரகாலம் 1960 ஜூலை 31 வரை நீண்டது. எஞ்சியவர்கள் எல்லையைத் தாண்டித் தாய்லாந்துக் காட்டில் தங்கினார்கள். பேச்சுக்கு உண்மையான முடிவு வந்தது 1989 டிசம்பர் 2ஆம் தேதி, ஹாட்யாயில். முப்பத்து நான்கு டிசம்பர்கள். சின் பெங் நாடு திரும்ப அனுமதி கேட்டு நீதிமன்றம் ஏறியும் கிடைக்கவில்லை. 2013இல் பேங்காக்கில் இறந்தார். 2019இல் அவருடைய அஸ்தியைப் பேராக்கில் கரைத்த செய்தி வெளியானபோது சாம்பல்கூட வரலாமா என்று நாடு சண்டை போட்டது.

முன்ஸ்டர் மண்டபத்துக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு விடுவார்கள் என்றான் மருமகன். ஆசிரியர் பதில் சொல்லவில்லை. வெற்றிபெற்ற பேச்சின் பலகையை நூற்றாண்டுகளுக்குக் காப்பாற்ற ஆள் உண்டு. முறிந்த பேச்சுக்கு யார் பலகை செய்வார்கள்? ஆனாலும் இந்த இடத்தில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்கிறார்கள் என்பது ஒன்றும் குறைவான காரியமில்லை.

அவர் மனம் வேறு ஒன்றில் நின்றது. அந்த மேசையில் இரு பக்கமும் சேர்த்து எண்ணினால் மலாய்க்காரர் உண்டு, சீனர் உண்டு, யூதரான மார்ஷல்கூட உண்டு. தமிழர் ஒருவரும் இல்லை. மலாயா இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) தலைவர் வீ. தி. சம்பந்தன் அப்போது தொழிலாளர் அமைச்சர். 1948 ஜூனில் தோட்ட நிர்வாகிகள் சுடப்பட்டு அவசரகாலத்துக்குத் திரி வைத்த சுங்கை சிப்புட், அவர் பிறந்த ஊர். அவரும் அந்தப் பேச்சில் இல்லை. கம்யூனிஸ்ட் கட்சியின் துணைத் தலைவர் என்று பெயர் பெற்ற ஆர். ஜி. பாலன், 1948இல் பிடிபட்டுக் காவலில் இருந்தார். தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதியை 1949 மே மாதமே தூக்கிலிட்டுவிட்டார்கள். பாலிங்குக்கு வரும் சாலையோரத் தோட்டங்களிலெல்லாம் தமிழர் நிறைந்திருந்தும், அவர்கள் வீட்டு வாசலில் நடக்கும் போரைப் பற்றிய பேச்சில் அவர்களுக்கு நாற்காலி இல்லை.

"எங்கம்மா சொல்லும். காலையில பெரட்டு முடிஞ்சு கேட்டத் தாண்டறப்ப துணிமணிய தடவித் தடவிப் பாப்பாங்களாம். சோறு கொண்டுபோகக் கூடாது. காட்டுக்காரனுக்குக் குடுத்துருவோமாம். வயித்துல நான். பசிக்குதுன்னு சொன்னா யாரு கேப்பா?"

"தாத்தா?"

"தாத்தா ரெண்டு பக்கமும் பயந்தாரு. ராத்திரி அவன் வந்து அரிசி கேப்பான், பகல்ல இவன் வந்து ஏன் குடுத்தேன்னு கேப்பான்."

காட்டிலிருப்போரைப் பட்டினி போட்டு வெளியே வரவைப்பது அன்றைய போர்முறை. லயங்களைக் கம்பிவேலிக்குள் அடைத்தார்கள், உணவுக்கு அளவு வைத்தார்கள், பால் வெட்டப் போகிறவர் கையில் ஒரு கவளம்கூட இருக்க விடவில்லை. இதற்குச் சற்று முன்பு, 1947இல், இதே கெடாவின் பீடோங் பக்கம் ஹார்வார்ட் தோட்டத்து ஏ. எம். சாமி திரட்டிய தொண்டர் படை கள்ளுக்கடைகளை மூடச் சொல்லி நின்றது. கூலி, மரியாதை, குடியிலிருந்து விடுதலை என்று மூன்றும் ஒரே மூச்சில் கேட்டார்கள். டப்ளின் தோட்டத்தில் போலீஸ் சுட்டு ஒரு தொழிலாளி மாண்டார். அந்த எழுச்சியை ஒடுக்கிய வேகத்தில்தான் அவசரகாலமும் வந்தது. நடுவில் மாட்டிய இந்த ஜனங்களின் கதையை எழுதாமல் பாலிங் பேச்சுவார்த்தையை எழுதினால் அது முக்கால் கதைதான்.

வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. பஸ் நிலையப் பக்கம் கூட்டம். இந்தத் தெருக்களில்தான் 1974 நவம்பரில் ஆயிரக்கணக்கான சிறுதோட்டக்காரர்கள் வந்து நின்றார்கள். பெரும்பாலும் மலாய்க்காரர்கள், இரண்டு மூன்று ஏக்கர் கித்தாவை நம்பி வாழ்ந்தவர்கள். எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு உலகச் சந்தையே படுத்திருந்தது; கித்தா விலை விழுந்தது; அரிசி, மாவு விலை ஏறியது. அதோடு மழை மாதம். பட்டை நனைந்திருந்தால் பால் கோட்டில் நிற்காது, மரமெல்லாம் வழிந்துவிடும். பால் பிடிக்கும் மங்கில் விழுந்த கொஞ்சமும் மழைநீரோடு கலந்து கெடும். மழை பெய்த நாள் வெட்டில்லாத நாள். வெட்டில்லாத நாள் காசில்லாத நாள். விலை விழுந்த பாலும் கையில் இல்லாத நாட்களில் அவர்கள் பட்டணத்துக்கு நடந்து வந்தார்கள்.

சத்தம் தலைநகருக்குக் கேட்டது. டிசம்பர் 3ஆம் தேதி கோலாலம்பூரில், இன்றைய மெர்டேக்கா சதுக்கத்தில், பாலிங் ஏழைகளுக்காகப் பல்கலைக்கழக மாணவர்கள் கூடினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். பிறகு நடந்த பிடிப்பில் இளைஞர் தலைவர் அன்வார் இப்ராகிம் கமுந்திங் தடுப்பு முகாமுக்குப் போனார். ஏறத்தாழ இருபது மாதம். பேராசிரியர் சைட் ஹுசின் அலியை ஆறாண்டு அடைத்து வைத்தார்கள். அன்று சிறைக்குப் போன அன்வார் 2022இல் பிரதமரானார். பாலிங் என்ற சொல்லை அரசியலில் பசிக்கு இன்னொரு பெயராக்கியது அந்த நவம்பர்தான்.

தோட்டத் தமிழர் அந்த ஊர்வலங்களின் முன்வரிசையில் இல்லை. ஆனால் கித்தா விலையோடு கூலியைக் கட்டிப்போட்டிருந்த ஒப்பந்தங்கள் இருந்த காலம் அது. விலை விழுந்தால் லயத்து அடுப்பிலும் எரிவது குறையும். ஒரே மரத்தின் இரண்டு பக்கம் நின்று வெட்டியவர்களுக்கு வயிறு ஒன்றுதான். அதை இரண்டு தரப்பும் ஒன்றாக உணர அன்றைய அரசியல் விடவில்லை. இன்றைக்கும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

பட்டணத்தை விட்டு இரண்டு கிலோமீட்டர் தள்ளிக் காரை ஓரங்கட்டினார்கள். சாலையை ஒட்டி ஒரு சிறு கித்தாத் தோட்டம். முதிய மலாய்க்காரர் ஒருவர் கடைசி நிறையை முடித்துக்கொண்டிருந்தார். பாக்சிக் என்று மரியாதையாக விளித்து ஆசிரியர் வணக்கம் சொல்ல, வந்து பார் என்று கையைக் காட்டினார். முந்தைய வெட்டின் கோட்டில் காய்ந்து ஒட்டியிருந்த பாலை நகத்தால் நெம்பி, நாடாவைப்போல் ஒரே இழுப்பில் உரித்துக் கூடையில் போட்டார். ஒட்டுப்பால். அதற்கும் விலை உண்டு. பிறகு கத்தியைக் கோட்டில் வைத்து இடமிருந்து வலம் சரிவாக ஓர் இழுப்பு. சுருண்டு விழுந்த சீவலின் தடிமன் ஒரு மில்லிமீட்டர் சொச்சம் இருக்கும். கத்தி அளவு மீறி உள்ளே போனால் மரத்தின் உயிர்ப்படலம் காயப்பட்டு அந்த இடம் முண்டு விழுந்துவிடும். ஆழம் குறைந்தால் பால் வராது. சீவல் விழுந்த ஒரு நொடிக்குள் கோடு முழுக்க வெள்ளைப் பொட்டுகள். பொட்டுகள் சேர்ந்து இழையாகி, சாய்வில் ஓடி, தகர நாக்கில் இறங்கி, மங்கில் விழுந்தது முதல் சொட்டு.

இருட்டோடு வெட்டுவதற்குக் காரணம் உண்டு. குளிரில் மரத்துக்குள் நீரின் அழுத்தம் கூடுதல், பால் நெடுநேரம் வடியும். வெயில் ஏற ஏற அழுத்தம் குறைந்து, பால் கோட்டிலேயே உறைந்துவிடும். மழை மட்டும் இல்லாவிட்டால் மார்கழிக் குளிரைப்போலப் பால்மரத்துக்கு உகந்தது வேறில்லை. ஆசிரியர் கத்தியை வாங்கி ஒரு மரத்தில் இழுத்துப் பார்த்தார். ஐம்பது ஆண்டுக்கு முந்தைய பழக்கம், கை மறக்கவில்லை. பாக்சிக் பாகுஸ் என்றார், நல்லது என்று. பள்ளி விடுமுறையில் அம்மாவோடு மங்கு துடைக்கப் போன பிள்ளையின் முகம் அந்த அறுபத்துச் சொச்சம் வயது முகத்தில் ஒரு கணம் வந்து போனது.

"ஐரோப்பால மரமெல்லாம் மொட்டையா நிக்கும்ல தம்பி, இப்ப?"

"ஆமா மாமா. ஒரு எல இருக்காது."

"நம்ம மரமும் நிக்கும். இப்ப இல்ல. பொங்கல் கழியட்டும்."

துரைமார்கள் அதற்கு வைத்த பெயரே வின்டரிங். கித்தா அமேசான் காட்டு மரம். 1876இல் பிரேசிலிலிருந்து விதை கொண்டுபோய் லண்டன் கியூ தோட்டத்தில் முளைக்கவைத்து, அங்கிருந்து ஆசியாவுக்கு அனுப்பிய நாற்றுகளின் வழிவந்தவை மலாயா மரங்கள். மழை ஓய்ந்து ஜனவரி, பிப்ரவரியில் கெடாவில் வறட்சி தொடங்கியதும் இலைகள் பழுத்து, செம்பட்டையாகி, காற்றுக்கு உதிரும். தோட்டம் முழுக்கக் கிளைகள் வெறுமையாக வானத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். காலடியில் கணுக்கால் உயரச் சருகு. தளிர் விடும் வாரங்களில் பால் குறைந்துவிடும், பல தோட்டங்களில் வெட்டையே நிறுத்தி மரத்துக்கு ஓய்வு கொடுப்பார்கள். சொட்டுப் பால் குறையும் காலம் லயத்தில் சம்பளம் குறையும் காலம். பெரியவர்கள் கடன் கணக்குப் பார்க்க, பிள்ளைகள் சருகில் உருண்டு விளையாடிய காலமும் அதுதான்.

திரும்பும் வழியில் கூப்பாங்கில் ஆற்றைப் பார்க்கச் சற்று நின்றார்கள். 2022 ஜூலை 4ஆம் தேதி மாலை குனோங் இனாஸ் மலையிலிருந்து சேறும் மரக்கட்டைகளுமாக இறங்கிய வெள்ளம் கம்போங் இபோய் பக்கம் மூன்று உயிர்களைக் கொண்டுபோனது. மலையில் காட்டை வெட்டி டுரியான் தோட்டம் போட்டதுதான் காரணமா என்று நாடு முழுக்க விவாதம் நடந்தது. ஆற்றங்கரையில் பருத்த மரக்கட்டை ஒன்று கிடந்தது. எந்த வெள்ளம் கொண்டுவந்ததோ. அதன்மேல் உட்கார்ந்து இரண்டு பையன்கள் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

கோல கெட்டிலில் கெட்டில் ஆறு மூடா ஆற்றோடு சேர்கிறது. அந்தத் தண்ணீர்தான் பினாங்கு மக்கள் குடிக்கும் தண்ணீரில் பெரும்பங்கு. மூடா கடலைச் சேரும் முகத்துவாரத்துக்கு வடக்கேதான் பூஜாங் பள்ளத்தாக்கு. ராஜேந்திர சோழனின் கடற்படை 1025இல் அடித்த கடாரத்தின் இடிபாடுகள் அந்தப் பக்கம். கடாரம் கொண்டான் என்று பாடப்புத்தகத்தில் படிக்கும் பிள்ளைகளுக்கு அந்த ஆற்றில் கலக்கும் கெட்டிலின் தலைமாட்டில் பாலிங் இருப்பதையும் ஓர் ஆசிரியர் சொல்லிக்கொடுத்தால் நன்றாக இருக்கும். முப்பது ஆண்டு சொல்லிக்கொடுத்தவர்தான் இன்று காரை ஓட்டுகிறார்.

அவர் பிறந்த லயம் இப்போது இல்லை. கித்தாவைச் சாய்த்துச் செம்பனை நட்டாயிற்று. கோயில் மட்டும் இடம் மாறாமல் நிற்கிறது. மார்கழி என்பதால் விடியற்காலை பஜனை முடிந்து, வாசலில் போட்ட கோலத்தின் ஓரம் மட்டும் யாருடைய செருப்போ பட்டுக் கலைந்திருந்தது. பூசாரியிடம் பொங்கல் வாங்கி இலையோடு கையில் வைத்துக்கொண்டு இருவரும் திட்டில் உட்கார்ந்தார்கள். சூடு இன்னும் இருந்தது. மருமகன் கைப்பேசியில் எடுத்த படங்களைப் புரட்டினான். அஞ்சடி, எண் போட்ட பலகைகள், பூட்டிய பள்ளிக் கேட், மங்கில் முதல் சொட்டு.

"பிப்ரவரில லீவு கெடைக்குமாடா?"

"எதுக்கு மாமா?"

"எல உதிரும். பாக்சிக் தோட்டத்துல நடந்துட்டு வரலாம்."

அவன் காலண்டரைத் திறந்தான்.